பஹ்ரேனுக்கு டிக்கெட் எடுக்கலாமா? எஃப்1 பந்தயமும் எங்கள் தேக்கா மேசையும்

சிங்கப்பூர் மரினா பேயில் எஃப்1 (ஃபார்முலா 1) கார் பந்தயம் முடிந்த அடுத்த ஞாயிறு, வேலை இல்லாத ஆட்களாகப் பார்த்துத் தேக்கா உணவங்காடி நிலையத்தில் கூடுவோம். நான், என் மச்சான், மலேசியாவின் செப்பாங் தடத்துக்குச் சேர்ந்து போன காலத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர். 2025 அக்டோபரில் மச்சான் மகளும் வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மாதம் ஆளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டுச் சேர்த்த பணத்தில் அடுத்து எந்த நாட்டுப் பந்தயத்தைப் போய்ப் பார்ப்பது?

மேசையில் நான்கு பெயர்கள் இருந்தன. பஹ்ரேன், சவூதியின் ஜெட்டா, அசர்பைஜானின் பாக்கு, சீனாவின் ஷாங்காய். (பாக்கு என்றதும் வெற்றிலை எங்கே என்று கேட்ட கூட்டாளியை மன்னித்துவிடுங்கள். எல்லா வருஷமும் இதையேதான் கேட்கிறார்.) மச்சானுக்குப் பஹ்ரேன்தான். பள்ளிக்கூட நண்பர் ஒருவர் தலைநகர் மனாமாவில் இருக்கிறார், தங்க இடம் இலவசம், நம் ஊர் மாதிரியே அங்கேயும் ராத்திரிப் பந்தயம். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்த மகள், தே தாரிக்கை (ஆற்றிய பால் தேநீர்) கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அங்கே இந்தப் பந்தயத்தக் குறை சொல்லி ஃபேஸ்புக்ல எழுதின ஒரு அம்மா ஜெயிலுக்குப் போனாங்க. தெரியுமாப்பா?"

மச்சானுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் ஃபேஸ்புக்கில் குறை எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கழிப்பறை வரிசை, தண்ணீர் போத்தல் விலை, பாடாங் கச்சேரியின் இரைச்சல், எதையும் விட்டுவைக்கமாட்டார்.

அன்றைக்குப் பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது. டிக்கெட் விவகாரம் பின்னால் போய், அரசியல் சர்ச்சை உள்ள நாட்டுக்கு இந்த விளையாட்டே போகலாமா என்பதில் வந்து நின்றது. நான்கு விதமான பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இந்த ஊரில் பேருந்து ஓட்டுபவன். பந்தய வாரத்தில் என் தடத்தை மாற்றிவிடுவார்கள், அந்த எரிச்சலும் எழுத்தில் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்.

கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போவோம்

இது மச்சான் கட்சி. "விளையாட்டு வேற, அரசியல் வேற, மாப்ளே. காசு கட்டறான், ரோடு போடறான், கூப்பிடறான். போய் ஓட்டிட்டு வரவேண்டியதுதானே?"

எஃப்1 சரித்திரத்தைப் புரட்டினால் மச்சான் சொல்வதுதான் நடைமுறை. ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினில் ஓடியிருக்கிறார்கள். 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அர்ஜென்டினாவுக்கு அடுத்த வருஷமே போயிருக்கிறார்கள். 1986 ஆகஸ்டில் ஹங்கேரி. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த நாட்டில் நடந்த முதல் எஃப்1 பந்தயம் அது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். மூன்று வருஷத்தில் அந்த ஆட்சியே போய்விட்டது. பந்தயம் வந்ததால்தான் ஆட்சி போனது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த இரண்டு லட்சம் பேரைப் பார்த்து, "உங்கள் அரசாங்கம் சரியில்லை, உங்களுக்குப் பந்தயம் கிடையாது" என்று சொல்லியிருந்தால் யாருக்கு நட்டம்? ஆட்சியில் இருந்தவர்களுக்கு இல்லை. இந்த வாதத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. அதை நான் லேசாகத் தள்ளவில்லை.

பலவீனம் எங்கே என்றால், "அரசியல் வேறு" என்று சொல்பவர்கள் அப்படி நடந்துகொண்டதே இல்லை. 2006 துருக்கிப் பந்தயத்தில் ஃபெலிப்பே மாசா ஜெயித்தார். அவருக்குக் கோப்பையைக் கொடுத்தவர் வட சைப்ரஸ் துருக்கியர்களின் தலைவர் மெஹ்மெத் அலி தலாத். துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் ஏற்காத ஒரு நாட்டின் அதிபர் என்று தொலைக்காட்சித் திரையில் அவருடைய பதவி ஓடியது. நடுநிலைமை கெட்டுவிட்டது என்று கார் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்ஐஏ, ஏற்பாட்டாளர்களுக்கு 50 லட்சம் அமெரிக்க டாலர் அபராதம் போட்டது. சரி. எட்டு வருஷம் கழித்து, 2014 அக்டோபரில், சோச்சியில் முதல் ரஷ்யப் பந்தயம். கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டு ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஜெயித்த ஓட்டுநர் ஹாமில்ட்டன் கையில் கோப்பையைக் கொடுத்தவர் புட்டின். அதற்கு அபராதம் இல்லை. ஆக அந்த நடுநிலைமை என்பது, நாற்காலியில் இருப்பவர் யாரோ அவர் பக்கம் நிற்பது என்றுதான் எனக்குப் புரிகிறது.

பட்டியல் போட்டு ஒதுக்குவோம்

மகள் முதலில் நின்றது இந்தப் பக்கம். சவூதியில் 2022 மார்ச் 12 அன்று, ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து ஜெட்டாவில் பந்தயம். "இதுக்கு மேல என்ன வேணும் மாமா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

புறக்கணிப்பு பலிக்கும் என்பதற்கு எல்லாரும் தென்னாப்பிரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நிறவெறி ஆட்சிக்காக அந்த நாட்டை ஒலிம்பிக் 1964லேயே வெளியே நிறுத்திவிட்டது. கால்பந்து அதற்கும் முன்னால். எஃப்1 மட்டும் அங்கே கயாலமி தடத்தில் 1985 வரை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு ரெனோ, லிஜியே என்ற இரண்டு பிரெஞ்சு அணிகள் வரவில்லை. சில விளம்பரதாரர்கள் கார்களிலிருந்து தங்கள் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் ஓட்டினார்கள், மான்செல் ஜெயித்தார். பிறகு 1992 வரை எஃப்1 அந்தப் பக்கம் போகவில்லை. எஃப்1 அங்கே எதையும் தொடங்கிவைக்கவில்லை. ஊரே எழுந்து போன பந்தியில் கடைசியாக இலையை மடித்தது, அவ்வளவுதான்.

ரஷ்யாவும் அப்படித்தான். 2022 பிப்ரவரி 24இல் உக்ரேனுக்குள் படை நுழைந்தது. ரஷ்யாவில் பந்தயம் நடந்தால் நான் போகமாட்டேன் என்று ஓட்டுநர் வெட்டல் உடனே சொன்னார். மறுநாள் சோச்சிப் பந்தயம் ரத்து. மார்ச் 3இல் ஒப்பந்தமே முறிந்தது. எட்டே நாள். 2014இல் கண்ணில் படாதது 2022இல் பட்டது, ஏனென்றால் அதற்குள் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த எட்டு நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

பட்டியலில் எனக்கு இருக்கும் சிக்கல், அதை யார் எழுதுவது என்பது. ஷாங்காயில் 2004 முதல் பந்தயம் நடக்கிறது. சின்சியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் படும் பாட்டைக் காரணம் காட்டி அதை நிறுத்தச் சொல்லும் குரல் பஹ்ரேனுக்கு எதிரான குரலில் கால்வாசிகூடக் கேட்பதில்லை. அமெரிக்காவில் மூன்று பந்தயங்கள். அங்கேயும் மரண தண்டனை உண்டு. பட்டியல் எப்போதும் சின்ன நாடுகளில் தொடங்கி, பெரிய நாடு வரும்போது பேனாவில் மை தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்று. மகள் அன்று மெக்லாரன் தொப்பி போட்டிருந்தாள், அந்த ஆரஞ்சு நிறத் தொப்பி. அந்த வருஷம் அணிகளுக்கான பட்டத்தை மெக்லாரன் உறுதிசெய்ததே நம் மரினா பேயில்தான். மச்சான் தொப்பியைப் பார்த்தார். "யாரு காசும்மா அது?" என்றார். மெக்லாரனின் பெரும்பங்கு பஹ்ரேன் அரசின் முதலீட்டு நிறுவனமான மும்தலக்காத்தின் கையில். ஆஸ்டன் மார்ட்டின் அணியின் பச்சைச் சட்டையில் சவூதி எண்ணெய் நிறுவனம் அராம்கோ. எஃப்1க்கே அராம்கோ 2020 முதல் விளம்பரதாரர். நாட்டுக்குப் போகாமல் இருந்துவிடலாம். அந்த நாடு வாரம் தவறாமல் நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வருகிறதே, அதை என்ன செய்வது? மகள் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். அதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கேட்டவருக்கே சங்கடமாகிவிட்டது.

நடுவில் ஒரு சின்னக் கதை. 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரப் பந்தயம் நடந்தது. அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அன்றைக்கு எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் பாதி வீடுகளில் விளக்கு அணையவில்லை. அஜித் கொடியைத் தூக்கிப் பிடித்த படம் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது! ஐக்கிய அரபு சிற்றரசுகளின் அரசியல் எப்படி என்று அந்தக் குழுக்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் ஊர் எந்தப் பக்கம்?

பட்டியல் பேச்சு சூடாக இருந்தபோது செப்பாங் கூட்டாளிகளில் மூத்தவர் ஒரு கேள்வி போட்டார். "அந்த லிஸ்டுல நம்ம பேரு இருக்காதுன்னு யாரு சொன்னா?"

2022 ஏப்ரல் 27, சாங்கி சிறை. 42.7 கிராம் ஹெராயின் கொண்டுவந்த குற்றத்துக்காக நாகேந்திரன் தர்மலிங்கம் தூக்கிலிடப்பட்டார். மலேசியத் தமிழர். அவருடைய அறிவுத்திறன் குறித்து எழுந்த கேள்வியும், அவர் தாயின் முகமும் உலகப் பத்திரிகைகளில் வந்தன. ஐக்கிய நாட்டு அமைப்பின் நிபுணர்கள் நிறுத்தக் கேட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் ஹோங் லிம் பூங்காவில் நானூறு பேரளவில் கூடி மரண தண்டனைக்கு எதிராக நின்றார்கள். அனுமதி கேட்காமல் அப்படி நிற்க இந்த ஊரில் அந்த ஒரு பூங்காதான். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 2இல், இரண்டு வருஷக் கொரோனா இடைவெளிக்குப் பிறகு மரினா பேயில் பந்தயம் நடந்தது. மூன்று நாளில் 302,000 பேர். எந்த ஓட்டுநரும் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. தண்டனை சரியா தவறா என்பதில் எங்கள் மேசையிலேயே இரண்டு கட்சி. ஆனால் வெளியிலிருந்து பட்டியல் எழுதுகிறவருக்கு நாம் "சர்ச்சைக்குரிய நாடு" ஆவதற்கு ஒரு பேனாக் கோடு போதும் என்பதில் இரண்டு கட்சி இல்லை.

ஈஸ்வரன் விவகாரமும் வந்தது, வராமல் இருக்குமா? பந்தயத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியதில் பங்கு உள்ள அமைச்சர், அதுவும் நம்மவர். எஃப்1 டிக்கெட்டுகள் உட்பட 400,000 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பொருள்களைப் பெற்றதற்காகவும் நீதிக்குக் குறுக்கே நின்றதற்காகவும் 2024 அக்டோபர் 3இல் 12 மாதச் சிறை. அரசுத் தரப்பு கேட்டது ஆறேழு மாதம்தான். பந்தய உரிமையை வைத்திருந்த ஓங் பெங் செங்குக்கு 2025 ஆகஸ்டில் 30,000 வெள்ளி அபராதம். எஃப்1 எந்த ஊருக்குப் போனாலும் அமைச்சர் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஆனால் இங்கே அது வழக்கு மன்றத்துக்கு வந்தது, செய்தித்தாளில் வரிக்கு வரி வந்தது, தேக்காவில் சத்தமாகப் பேசினோம். இந்த வேறுபாட்டை மனதில் குறித்துக்கொண்டேன்.

ஓட்டுநர்கள் பார்த்துக்கொள்ளட்டும்

இதைச் சொன்னவர் இளைய கூட்டாளி. நாடு, ஒப்பந்தம் எல்லாம் பெரியவர்கள் வேலை. மனசாட்சி உள்ள ஓட்டுநர் பேசட்டும், மனசாட்சி உள்ள ரசிகன் டிக்கெட் எடுக்காமல் இருக்கட்டும்.

அழகான காட்சிகள் உண்டு. 2021இல் ஜெட்டாவின் முதல் பந்தயத்துக்குப் போன வெட்டல், அங்கே பெண்களுக்காக ஒரு கார்ட்டிங் (சின்னக் கார்) பந்தயம் ஏற்பாடு செய்தார். சவூதியில் பெண்கள் கார் ஓட்டலாம் என்று சட்டம் வந்தே மூன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. கத்தாரிலும் ஜெட்டாவிலும் ஹாமில்ட்டன், தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவாக வானவில் நிறத் தலைக்கவசம் போட்டார். போகாமல் இருப்பதைவிடப் போய் இதைச் செய்தது நல்லது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் இதைச் செய்தவர்கள் யார்? ஒருவர் ஏழு முறை உலகச் சாம்பியன், மற்றவர் நான்கு முறை. அடுத்த வருஷ ஒப்பந்தம் கையில் இல்லாத இருபது வயதுப் பையனால் முடியுமா? 2022 டிசம்பரில் எஃப்ஐஏ விதியையும் மாற்றியது. அரசியல், சமய, தனிப்பட்ட கருத்து எதையும் முன் அனுமதி இல்லாமல் காட்டக்கூடாது. பிறகு எதிர்ப்பு வந்து கொஞ்சம் விளக்கம் கொடுத்தார்கள், தளர்த்தினார்கள். இருந்தாலும் பையன்களுக்குச் சேதி போய்ச் சேர்ந்திருக்கும்.

2022 ஜெட்டாவை மறக்க முடியாது. மார்ச் 25, வெள்ளிக்கிழமை, முதல் பயிற்சிச் சுற்று. சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி அராம்கோவின் எண்ணெய்க் கிடங்கில் ஏமனின் ஹௌதி கிளர்ச்சிப் படை ஏவிய ஏவுகணை விழுந்தது. ஏதோ எரிகிற வாடை வருகிறதே, என் காரா என்று ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் அணியின் வானொலியில் கேட்டார். கரும்புகை தடத்திலிருந்தே தெரிந்தது. அன்று இரவு ஓட்டுநர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். விடியற்காலை வெளியே வந்தபோது முடிவு: ஓட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று ஆளுக்கு ஒரு கதை. எனக்குத் தெரிந்ததெல்லாம், உயிர் சம்பந்தப்பட்ட முடிவையே இருபது பேர் ஓர் இரவில் எடுத்து நிறைவேற்ற முடியவில்லை. ஒரு நாட்டின் மனித உரிமையை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ரசிகன் டிக்கெட் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தோம். ஒன்றும் ஆகாது. அந்த நாடுகளில் பந்தயம் ஓடுவது டிக்கெட் காசில் அல்ல. மலேசிய அரசாங்கம் டிக்கெட் விற்காமல், செலவு கட்டாமல் 2017உடன் செப்பாங்கை நிறுத்தியது. அப்படிக் கணக்குப் பார்க்கிற நாடு வேறு. செப்பாங்! கோல்டன் மைலில் பஸ் ஏறி, புல்மேட்டில் பாய் விரித்து, மூன்று மணிக்கு மழை வரும் என்று தெரிந்தே குடையை வீட்டில் விட்டுவந்த காலம். 2009இல் மழையில் பந்தயமே நின்று, பாதிப் புள்ளி கொடுத்தார்களே, அப்போது நாங்கள் தலையில் பாயைப் போட்டுக்கொண்டு நின்றோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போகலாம், ஆனால் எழுதி வாங்கிக்கொண்டு

நான்காவது வழி என்னுடையது. சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேரிடம் அடி வாங்கினேன்.

பஹ்ரேனை எடுத்துக்கொள்வோம். 2004இல் மத்திய கிழக்கின் முதல் எஃப்1 பந்தயம் அங்கே. 2011 பிப்ரவரியில் மக்கள் மனாமாவின் முத்து வட்டச்சாலையில் கூடினார்கள். அரசு அடித்துக் கலைத்தது, மார்ச்சில் அந்த முத்துச் சின்னத்தையே இடித்துத் தள்ளியது. மார்ச் 13இல் நடக்க வேண்டிய பந்தயம் நிற்க, எஃப்ஐஏ ஜூனில் அதை மறுபடி பட்டியலில் சேர்த்து அக்டோபர் 30ஐக் கொடுத்தது. அது இந்தியாவின் முதல் பந்தயத்துக்குக் குறித்திருந்த நாள். இந்தியாவை டிசம்பருக்குத் தள்ளினார்கள். அணிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் பஹ்ரேன் மறுபடி போய், இந்தியாவுக்கு அதன் நாள் திரும்பக் கிடைத்தது. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் சொந்த நாட்டில் எஃப்1 ஓட்டியதைப் பார்த்தோமே, அந்த நாள்தான்.

அடுத்த வருஷம் போனார்கள். 2012 ஏப்ரல். தடத்திலிருந்து விடுதிக்குத் திரும்பிய ஃபோர்ஸ் இந்தியா அணியின் மெக்கானிக்குகள் வந்த கார், போலீஸுக்கும் போராட்டக்காரர்களுக்கும் நடுவில் மாட்டி, பக்கத்தில் பெட்ரோல் குண்டு விழுந்தது. இரண்டு பேர் வீட்டுக்குப் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். இருட்டுவதற்குள் விடுதிக்குப் போய்ச் சேர, அணி வெள்ளிக்கிழமையின் இரண்டாவது பயிற்சியை விட்டது. விளையாட்டுக்கு அப்பால் எழுதக்கூடிய பல பத்திரிகையாளர்களுக்கு விசா இல்லை. விசா இல்லாமல் வேலை பார்த்த ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் குழுவைப் பிடித்து அனுப்பினார்கள். பந்தயம் நடந்தது, வெட்டல் ஜெயித்தார்.

இதற்குப் பிறகு வந்த புகார்களால் 2015இல் எஃப்1 ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் வேலை நடக்கும் இடமெல்லாம் மனித உரிமைகளை மதிப்போம், நம்மால் யாருக்கும் பாதிப்பு வருகிறதா என்று கவனிப்போம் என்று. இரண்டே வருஷம். 2017 ஏப்ரலில், பஹ்ரேன் பந்தயச் சமயத்தில், நஜா யூசுஃப் கைதானார். மச்சான் மகள் சொன்ன அம்மா இவர்தான். ஃபேஸ்புக் பதிவுகளுக்காக 2018இல் மூன்று வருஷச் சிறை. அந்தப் பதிவுகளில் பந்தயத்துக்கு எதிரானவையும் இருந்தன. கைதுக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமில்லை என்றது அரசு. எஃப்1 கவலை தெரிவித்தது, விளக்கம் கேட்டது. அவர் வெளியே வந்தது 2019 ஆகஸ்டில். இடையில் பந்தயம் இரண்டு தடவை நடந்து முடிந்திருந்தது.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு நாட்டின் எல்லாப் பாவத்துக்கும் எஃப்1 பொறுப்பேற்க வேண்டாம், அந்தத் தகுதியும் அதற்கு இல்லை. தன் பந்தயத்தால் வரும் வினைக்கு மட்டும் பொறுப்பேற்கட்டும். பந்தயத்தைக் குறை சொன்னதற்காக யாரும் உள்ளே போகக்கூடாது. பந்தய வாரத்துக்காகத் தெருக்களைக் "சுத்தம்" செய்து ஆட்களை அள்ளக்கூடாது. தடம் போட்ட தொழிலாளிக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். விளையாட்டு எழுதாத நிருபருக்கும் விசா கொடுக்க வேண்டும். இவை நான்கும் அறிக்கையில் இருந்தால் பயனில்லை, ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மீறினால் அடுத்த பந்தயம் இல்லை. போர் தொடங்கினாலோ, தடத்துக்குப் பக்கத்தில் ஏவுகணை விழுந்தாலோ பேச்சே வேண்டாம், பெட்டியைக் கட்டலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, அளந்து பார்க்க முடிகிறது என்பது. "இந்த நாடு நல்ல நாடா" என்று கேட்டால் முடிவே இல்லை. "பந்தயத்தைத் திட்டிய ஆள் எங்கே இருக்கிறார்" என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும். நமக்கும் அதே அளவுகோல். சிங்கப்பூரில் சாலை அடைப்பைத் திட்டலாம், அரசாங்கம் பந்தயத்துக்குக் கொட்டும் பணத்தைத் திட்டலாம், வியாபாரம் படுத்தது என்று மரினா கடைக்காரர் சொல்லலாம். நான் சொல்லாத திட்டா? தொழிலாளி கூலி விஷயத்தில் நம்மையும் சோதிக்கட்டும், பயம் என்ன?

மகளின் எதிர்ப்பு கூர்மையாக இருந்தது. "அப்படின்னா 81 பேர் கணக்குல வரமாட்டாங்க, இல்ல மாமா? ரேஸால சாகலையே." ஆமாம், வரமாட்டார்கள். என் வழியில் இருக்கும் ஓட்டை அது, அடைக்கத் தெரியவில்லை. மச்சானின் எதிர்ப்பு வேறு: இத்தனை பணம் கட்டுகிறவன் இந்த மாதிரிக் கையெழுத்துப் போடுவானா? பஹ்ரேன் 2036 வரை கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நாமே 2028 வரை. இதற்குத்தான் ரஷ்யாவின் எட்டு நாளை நினைவில் வைக்கச் சொன்னேன். முறிக்க மனம் இருந்தால் ஒப்பந்தம் எட்டு நாளில் முறிகிறது. மனம் இல்லாததற்கு ஒப்பந்தத்தைக் காட்டக்கூடாது.

தொழிலாளி என்றதும் மகள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து மேசையில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடமே கேட்டுவிட்டாள். பந்தயத் தடத்தில் வேலி மாட்டிய ஆள்தானாம். ராத்திரி வேலை, காங்கிரீட் கட்டை மேல் கம்பிவேலிச் சட்டத்தை நிறுத்தி ஒவ்வொரு போல்ட்டாக முறுக்க வேண்டும். உள்ளங்கையை விரித்துக் காட்டினார், கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போயிருந்தது. ரேஸ் பார்த்தீர்களா என்றாள். "டார்மிட்டரில ஃபோன்லதான்க்கா. நான் மாட்டுன வேலி வருதான்னு பாத்தேன். ஒரே மாதிரி இருக்கு, கண்டுபிடிக்க முடியல." இங்கே ரேஸ் வேண்டாம் என்று யாராவது சொன்னால் என்ன சொல்வீர்கள் என்று அடுத்த கேள்வி. அவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "அந்த மூணு மாசம் ஓட்டி நல்லா வரும்க்கா," என்றார். ஓவர்டைம் காசைச் சொல்கிறார். மகள் நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள், கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

டிக்கெட் என்ன ஆனது?

ஜெட்டா வேண்டாம் என்பதில் ஐந்து பேரும் ஒன்று. ஏவுகணையை நினைத்துச் சிலர், 81 பேரை நினைத்துச் சிலர். பாக்குக்குச் சொல்லும்படி ஆதரவில்லை, விமானம் மாறி மாறிப் போக வேண்டும். ஷாங்காய்க்கு ஐந்தேகால் மணி நேரம்தான், 2024 முதல் நமக்கு விசாவும் வேண்டாம். கூட்டாளிகள் இருவரும் அதற்குக் கையைத் தூக்கினார்கள். "விசா வேணாங்கிறதால சீனா சர்ச்சையில்லாத நாடாயிடுச்சா?" என்றாள் மகள். தூக்கிய கைகள் பாதியில் நின்றன.

மச்சான் விடவில்லை. எல்லாரும் எங்கே வேண்டுமானாலும் போங்கள், நான் என் பங்குப் பணத்தில் பஹ்ரேனுக்குத்தான், நண்பன் அறை ஒதுக்கிவிட்டான் என்றார். நான் என் நான்கு நிபந்தனைகளை மறுபடி எடுக்கப் போனேன், மகள் என்னை முந்திக்கொண்டாள்.

"போயிட்டு வாங்கப்பா. நான் தடுக்கல. ஆனா ஒண்ணு. வழக்கமா எழுதுவீங்களே, பாத்ரூம் வரிசை, தண்ணி விலைன்னு. அத அங்க இருந்தே எழுதுங்க. ஊருக்கு வந்து எழுதக்கூடாது."

மச்சான் சிரித்தார். பிறகு ஃபோனை எடுத்து மனாமா நண்பருக்கு ஏதோ தட்டினார். பதில் வரும்வரை நாங்கள் இன்னொரு சுற்றுத் தே தாரிக் சொன்னோம். வந்த பதிலை அவர் வாசித்துக் காட்டவில்லை. "எழுதலாமாம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பாத்ரூம் பத்தி மட்டும்னா எழுதலாமாம்."